முதுகு காட்டும் கீரி

அந்தக் கீரிக்குத் திமிர் ஜாஸ்தி. எங்களுக்கு அவனைப் பிடித்துப்போனதற்கு அதுதான் முதல் காரணம்.

வீடியோ கேம் நாயகர்கள் பொதுவாக நல்ல பிள்ளைகள். ஓடச் சொன்னால் ஓடுவார்கள், குதிக்கச் சொன்னால் குதிப்பார்கள், பள்ளத்தில் விழுந்தால் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு செத்துப்போவார்கள். எங்கள் கீரி அந்த ரகமில்லை. தண்ணீரில் விழுந்து மூழ்கும்போது ஒரு கையை மட்டும் வெளியே நீட்டி, ஆடுகிற நம்மைப் பார்த்து விரலை ஆட்டுவான். உன்னால்தான்டா எல்லாம் என்று அர்த்தம். கண்ட்ரோலரைச் சும்மா கீழே வைத்தால் பத்து எண்ணுவதற்குள் தரையில் உட்கார்ந்து நமக்கு முதுகைக் காட்டிவிடுவான். சிவப்பு அரைக்கால் சட்டையும் புசுபுசு வாலும் மட்டும்தான் தெரியும். பொங்கல் சீர் போதவில்லை என்று முறைத்துக்கொண்ட மாப்பிள்ளைகூட அப்படி உட்கார மாட்டார்.

இன்றைக்கு அவன் எல்லாக் கம்பெனி கேம் பெட்டியிலும் வருகிறான், போனில்கூட வருகிறான். அன்றைக்கு அப்படியில்லை. ஒரே ஒரு ஜப்பான் கம்பெனியின் செல்லப்பிள்ளை அவன். முதலில் வந்த சின்னப் பெட்டியில் கட்டம் கட்டமாக, வாய் பேசாமல் இருந்தான். அடுத்து வந்த வெள்ளைப் பெட்டியில் உருண்டு திரண்டு, குரலும் வந்துவிட்டது. அவன் பேசிய இங்கிலீஷ் எங்களுக்குப் புரியவில்லை. திட்டுகிறான் என்று முடிவு செய்துகொண்டோம், சந்தோஷமாக இருந்தது.

அந்த வெள்ளைப் பெட்டி இருந்தது திருவொற்றியூர் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில், பாய் கடையில். முன்னால் கேசட் கடை, திரைக்குப் பின்னால் மூன்று டிவி, மூன்று பெஞ்சு. கடையில் கடிகாரம் கிடையாது. ஒரு கும்மிடிப்பூண்டி வண்டி போவதிலிருந்து அடுத்த கும்மிடிப்பூண்டி வண்டி போகும் வரை ஒரு ஆட்டம். வண்டிச் சத்தம் கேட்டதும் பாய் திரையை விலக்கி, “எந்திரிங்கடா, வண்டி போய்ட்ச்சு” என்பார். வண்டி லேட் என்றால் நமக்கு யோகம். ஊரெல்லாம் ரயில் சீக்கிரம் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு பிளாட்பாரத்தில் நிற்க, நாங்கள் மட்டும் சிக்னல் பழுதாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தோம். ஒருமுறை மழையில் தண்டவாளம் மூழ்கி வண்டியே வரவில்லை. அன்று மதியம் முழுக்க நானும் என் தோஸ்தும் ஒரே ஆட்டத்தை ஆடினோம். பாய் பேச்சு மாறாதவர், வாசலில் நின்று மழையைத்தான் திட்டினார்.

தோஸ்து பக்கத்து வீட்டுக்காரன். ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. இரண்டு பேர் சேர்ந்துதான் ஒரு ஆட்டம் எடுப்போம். ஒரு உயிர் அவனுக்கு, ஒரு உயிர் எனக்கு. கீரி செத்தால் கண்ட்ரோலர் கைமாறும். இதில் எனக்கு நஷ்டம்தான். நான் முதல் குட்டையிலேயே விழுகிற ஆள். அவன் கையில் கண்ட்ரோலர் போனால் கீரி சாகவே மாட்டான். நான் எத்தனை கொட்டாவி விட்டாலும் அவன் வேண்டுமென்று விட்டுக்கொடுத்ததில்லை. ஆட்டம் என்றால் ஆட்டம்.

வேறு ஊரில் பிறந்திருந்தால் கீரிக்கு ரசிகர் மன்றம் வைத்திருப்போம். எங்கள் தெருவில் அப்பாக்கள் எல்லாரும் எண்ணூர் பக்கம் ஒரு ஃபவுண்டரியில் இரும்பு வார்த்தவர்கள். நாங்கள் ஃபவுண்டரி வாசலில் தொழிற்சங்கம் போடும் கேட் மீட்டிங் கோஷம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள். அதனால் சங்கம் வைத்தோம். நான் தலைவர், தோஸ்து செயலாளர், மற்ற ஏழு பேரும் செயற்குழு. உறுப்பினர்கள் யாருமில்லை, எல்லாருமே பொறுப்பில் இருந்தோம்.

சங்கத்துக்கு வேலை சீக்கிரமே வந்தது. பாய் கடைக்கு நேர் எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த அக்கா தன் கடைக்குள் எதிரிக் கம்பெனியின் கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். அதில் கார் இருந்தது, ஃபுட்பால் இருந்தது, துப்பாக்கி இருந்தது. கீரி இல்லை. உடனே அவசரக் கூட்டம் போட்டு, கீரி இல்லாத கடையில் எவனும் கால் வைக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டோம். பாய் கடைக் கண்ட்ரோலரைத் தொட்டுச் சத்தியமும் செய்தோம்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பூத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் உள்ளே எங்கள் செயலாளர் ஃபுட்பால் ஆடிக்கொண்டிருக்கிறார்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. நடு ரோட்டில் நின்று, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

“டேய் கருங்காலி!”

ஸ்ட்ரைக் நடக்கும்போது கூட்டாளிகளை விட்டுவிட்டு உள்ளே வேலைக்குப் போகிறவனை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அதைவிடக் கேவலமான வார்த்தை எங்கள் தெருவில் கிடையாது. கெட்ட வார்த்தைகளையெல்லாம் மறுநாள் மறந்துவிடுவார்கள், இதை மறக்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்ததிலேயே பெரிய வார்த்தை அது, எடுத்து வீசிவிட்டேன்.

அவன் கண்ட்ரோலரை மெதுவாகக் கீழே வைத்தான். வெளியே வந்தான். சண்டைக்கு வருவான் என்று சட்டைக் கையை மடித்தேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

மறுநாள் பள்ளிக்கு அவன் முன்னாலேயே போயிருந்தான். வகுப்பில் வேறு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். குற்ற உணர்ச்சி, தானாக வந்து மன்னிப்புக் கேட்பான் என்று நினைத்தேன். வாரம் போனது, மாதம் போனது, அரைப் பரீட்சை போனது. அவன் வரவில்லை. நானும் போகவில்லை. ஆடுவதற்குப் புது ஜோடி பிடித்தேன். என்னைவிட மோசமாக ஆடுகிறவன், கண்ட்ரோலர் அடிக்கடி என் கைக்கு வந்தது. அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. எனக்கு என் தோஸ்து வேண்டும். ஆனால் அவன்தான் முதலில் பேச வேண்டும்.

அப்போதுதான் பாய் ஒருநாள் பர்மா பஜாருக்குச் சரக்கு வாங்கப் போய், வெறுங்கையோடு வந்தார்.

“பேஜாராப் பூட்ச்சுடா. கீரிக் கம்பெனிக்காரன் பொட்டி செய்றதையே நிறுத்திட்டானாம். இனிமே வெள்ளைப் பொட்டியே வராது.”

நாங்கள் உறைந்துபோனோம். ஃபவுண்டரிப் பிள்ளைகளுக்கு இதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். லாக்-அவுட், கதவடைப்பு. அப்படியானால் கீரி ரோட்டில் நிற்கிறான். டெய்லர் கடையில் கறுப்புத் துணி வாங்கி எல்லாரும் பேட்ஜ் குத்திக்கொண்டோம். கீரிக்கு நிரந்தர வேலை வழங்கு என்று ஜப்பான் தொழிலாளர் துறைக்கு ஒரு மனு எழுதினோம். தமிழில்தான். பாய் அதை வாங்கி நிதானமாகப் படித்தார்.

“நல்லாத்தான் கீது. ஆனா ஒண்ணு, கீரி எங்கயும் போவல. பொட்டியத்தான் நிறுத்திட்டான், கீரிய மத்தவன் பொட்டிக்குக் குடுக்கப் போறானாம்.”

யாரும் நம்பவில்லை. கீரியாவது, எதிரிக் கம்பெனிக்குப் போவதாவது.

கொஞ்ச நாளில் அக்கா கடைக் கண்ணாடியில் ஒரு அட்டை தொங்கியது. ‘கீரி வந்துவிட்டான்.’ பக்கத்திலேயே சி.டி. உறை. அதில் கீரி, அதே சிவப்பு அரைக்கால் சட்டை, கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மேலே எதிரிக் கம்பெனியின் முத்திரையோடு நின்றான். அன்று சாயங்காலத்துக்குள் என் செயற்குழு மொத்தமும் ரோட்டைத் தாண்டிவிட்டது. கேட்டால், கீரி இல்லாத கடைக்குத்தானே போகக் கூடாது என்று தீர்மானம், இப்போதுதான் கீரி இருக்கிறானே என்றார்கள். சட்டப்படி சரிதான். சங்கத்தில் நான் ஒருவன் மிச்சம்.

“நானே கறுப்புப் பொட்டி ஒண்ணு வாங்கலாம்னு கீறேன்” என்றார் பாய், என் முகத்தைப் பார்க்காமல்.

அடுத்த ஞாயிறு மதியம் சாப்பிடும்போது வீட்டில் பொங்கித் தீர்த்தேன். மீன் குழம்பு. நைனா தன் பாட்டுக்கு முள் எடுத்துக்கொண்டிருந்தார். கீரியின் கதையை முழுக்கச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்தது.

“கம்பெனி மூடிட்டா அவன் இன்னா பண்ணுவான்? எங்க வேல கீதோ அங்க போவான்.”

“அதெல்லாம் இல்ல நைனா. அவனும் கருங்காலிதான், பக்கத்து வூட்டான் மாதிரி.”

நைனாவின் கை நின்றது. “யார இன்னான்னு சொன்ன?”

நடு ரோட்டில் நான் கத்தியதைச் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். நைனா பாதிச் சோற்றை அப்படியே விட்டு, தட்டிலேயே கை கழுவி, எழுந்து வெளியே போய்விட்டார். அவர் மீன் குழம்பை விட்டு எழுந்து நான் பார்த்ததே இல்லை.

அம்மாதான் சொன்னாள், கோபமாக.

“நீ கைக்கொயந்தையா இருந்தப்போ பெரிய ஸ்ட்ரைக் நடந்துச்சு. பக்கத்து வூட்டுப் புள்ளைக்கு மஞ்சக்காமால, ஆஸ்பத்திரில கெடந்துச்சு. மருந்துக்கு வழி இல்லாம அவங்க அப்பா மட்டும் உள்ள வேலைக்குப் போனாரு. கேட்டாண்ட நின்னுகினு அத்தினி பேரும் இதே வார்த்தயத்தான் கத்துனாங்க. உங்க நைனாவுந்தான். ஒரு வருசம் அந்த வூட்டோட இந்தத் தெருவுல யாரும் பேசல. அப்புறம் பேசிக்கினாங்க, ஒண்ணுமே நடக்காத மாதிரி. அந்தப் புள்ளைக்கு இதெல்லாம் தெரியும். ஒனக்குத்தான் தெரியாது.”

அந்தப் புள்ள அவன்தான். அவனைப் பிழைக்க வைப்பதற்காக அவன் அப்பா வாங்கிய வார்த்தையை, ஒரு ஃபுட்பால் கேமுக்காக நான் அவன் மேலேயே வீசியிருக்கிறேன். எனக்கு அவமானத்தில் அழுகை வந்தது. அம்மா என்னைச் சமாதானப்படுத்தவில்லை, மிச்சச் சோற்றைச் சாப்பிடச் சொல்லவும் இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சட்டையை மாட்டிக்கொண்டு அக்கா கடைக்குக் கிளம்பினேன், ஞாயிறு என்றால் அவன் அங்கேதான் இருப்பான். போய்ச் சேர்வதுதான் கஷ்டமாக இருந்தது. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் ரோட்டை அடைத்து வரிசையாக நின்றன. நான் பாய் கடைப் பக்கம் நின்றுகொண்டு, லாரிகள் நகரட்டும், அப்புறம் போகலாம் என்று எனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டேன். எங்கள் ஊர் கன்டெய்னர் வரிசையைத் தெரிந்த எவனும் அப்படிச் சொல்ல மாட்டான். கடைசியில் இரண்டு லாரிகளுக்கு நடுவே உடம்பை ஒடுக்கிப் புகுந்து அந்தப் பக்கம் போனேன். சட்டையில் கிரீஸ்.

“இன்னா தலைவரே, வழி தெரிஞ்சிச்சா?” என்றார் அக்கா.

உள்ளே அவன் தனியாக உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தான். திரையில் கீரி. நான் பெஞ்சின் இன்னொரு முனையில் உட்கார்ந்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. எழுந்தும் போகவில்லை. கண்ட்ரோலரை மட்டும் பெஞ்சில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான். கீரி பத்து எண்ணுவதற்குள் தரையில் உட்கார்ந்து முதுகைக் காட்டினான். கம்பெனி மாறியும் அந்தக் குணம் மாறவில்லை. அவன் பேசவில்லை, நான் பேசவில்லை, கீரியும் திரும்பவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அங்கே ரயில் கணக்கும் இல்லை.

திடீரென்று கீரி தலையை மட்டும் திருப்பி, தோளுக்கு மேலாக எங்களைப் பார்த்தான். இன்னும் இருக்கிறோமா என்று பார்க்கிற பார்வை. பார்த்துவிட்டுச் சட்டென்று மறுபடி திரும்பிக்கொண்டான்.

“டேய், இவன் டூப்புடா” என்றேன். என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது. “நம்ம கீரி திரும்பியே பாக்க மாட்டான்.”

“பாப்பான்” என்றான் அவன். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு கேட்ட குரல். கொஞ்சம் உடைந்திருந்தது, எங்களுக்கு அந்த வயசு. “வெள்ளப் பொட்டிலயும் பாப்பான். அந்த மழ அன்னிக்கு நீ பஜ்ஜி வாங்கப் போனல்ல, அப்போ நான் பாத்தேன். நீ எங்க வுட்ட? வண்டி வந்துரும் வண்டி வந்துரும்னு உடனே பட்டன அமுக்கிடுவ.”

அத்தனை வருஷம் கீரியை எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு சங்கத் தலைவராக இருந்திருக்கிறேன்.

“அந்த வார்த்த தப்புடா” என்றேன். “உங்க அப்பா விசயம் எனக்குத் தெரியாது.”

“தெரிஞ்சிருந்தா?”

தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன் என்று சொல்லத்தான் வாய் வந்தது. அன்று ரோட்டில் எனக்கு இருந்த கோபத்தை நினைத்துப் பார்த்தேன். பொய் சொல்ல முடியவில்லை.

“தெரியலடா. ஆனா தப்பு.”

அவன் கண்ட்ரோலரை எடுத்தான். கீரி எழுந்து அரைக்கால் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு ஓடத் தொடங்கினான். முதல் குட்டை வந்தது. நான் எப்போதும் விழுகிற இடம், அவன் வாழ்க்கையில் விழாத இடம். குதிக்க வேண்டிய இடத்தில் அவன் பட்டனை அமுக்கவில்லை. கீரி நேராகப் போய்த் தண்ணீரில் விழுந்தான். மூழ்கும் முன் கையை மட்டும் வெளியே நீட்டி, எங்கள் இரண்டு பேரையும் பார்த்து விரலை ஆட்டினான்.

“செத்துட்டான்” என்று சொல்லி, தோஸ்து கண்ட்ரோலரை என் பக்கம் நீட்டினான்.