சித்திக்குப் பிடித்த சளி

மூன்றாம் வகுப்பில் எங்களுக்குச் சளியைப் பற்றி ஒரு பாடம் இருந்தது. முதலில் தொண்டை அரிக்கும், பிறகு தும்மல் வரும், மூக்கு தண்ணீராக ஒழுகும், அப்புறம் கெட்டியாகி அடைத்துக்கொள்ளும், குரல் கம்மிவிடும். மைசூரில் மழை விடாமல் தூறிக்கொண்டிருந்த மாதம் அது. பாடம் நடந்த வாரமே எனக்கும் சளி பிடித்ததால், மிஸ் சொன்னதெல்லாம் என் மூக்கிலேயே வரிசையாக நடந்தது. குணமாகி எழுந்தபோது நான் பாதி டாக்டராகியிருந்தேன்.

என்னைப் பக்கத்தில் படுக்கவைத்துக் கவனித்துக்கொண்டது சித்தி, அம்மாவின் தங்கை. கொள்ளேகாலிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கி, கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். வகுப்பு விட்டால் நேராக வீடு என்பது அப்பா போட்ட சட்டம். மாப்பிள்ளை பார்க்கும் பொறுப்பையும் அப்பாவே எடுத்துக்கொண்டிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை கொள்ளேகாலிலிருந்து ஒரு பட்டு வியாபாரியின் குடும்பம் சித்தியைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது.

என்னை விட்ட சளி சித்தியைப் பிடித்தது. அது நான் எதிர்பார்த்ததுதான்.

அடுத்த ஓரிரு நாளில், பள்ளிக்கூடத்துக்கு ஒரு படம் நகலெடுக்கத் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணா கன்னடக்காரர். சில மாதங்களாக, என்ன காரணத்தாலோ, தட்டுத்தடுமாறித் தமிழ் பேசக் கற்றுக்கொண்டிருந்தார். அன்று மூக்கு சிவந்து, கண் கலங்கி, கையில் கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

"நெகடி ஆயிடுச்சு பாப்பா. தூர நில்லு."

நெகடி என்றால் கன்னடத்தில் சளி. அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியவேண்டுமா? முதலில் தொண்டை அரித்ததா என்று விசாரித்தேன். ஆமாம் என்றார். குரல் அப்படியே சித்தியின் குரல் மாதிரி கம்மியிருந்தது.

வீட்டுக்கு ஓடிவந்து, சாம்பார் கிளறிக்கொண்டிருந்த அம்மாவிடம் சொன்னேன். "அம்மா, ஜெராக்ஸ் கடை அண்ணாவுக்கு நம்ம சித்தியோட சளிதான் புடிச்சிருக்குது."

அம்மாவின் கரண்டி நின்றது.

"உனக்கு எப்படிடி தெரியும்?"

"ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி இருக்குது. சித்திக்கு முன்னாடி வந்துச்சு, அண்ணாவுக்கு அப்புறம் வந்துச்சு. பக்கத்துல பக்கத்துல உக்காந்து பேசுனாத்தான் ஒட்டும்னு மிஸ் சொன்னாங்க."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, தும்மல், தொண்டை, குரல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பெரியவர் ஒருவர் என் மருத்துவத்தை அவ்வளவு மதித்தது அதுதான் முதல் தடவை. கடைசியில், "இத அப்பாகிட்ட சொல்லாத கண்ணு" என்றாள். அப்பாவுக்கு இந்தப் பாடம் புரியாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் சுக்கும் மிளகும் தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்து, ஃபிளாஸ்கில் ஊற்றி, வகுப்புக்குக் கிளம்பிய சித்தியிடம் நீட்டினாள் அம்மா.

"ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் வெச்சிருக்கறேன்."

சித்தி வாங்காமல் நின்றாள். முகம் வெளிறிப்போயிருந்தது. "அக்கா..." என்றாள்.

"ஆறிப்போயிரும். போ."

மறுநாள் காலையில் அப்பா ஃபேக்டரிக்குக் கிளம்புமுன் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "இவ மூக்கு செவந்து கெடக்குதுங்க. இந்த மூஞ்சிய எப்படிக் காட்டறது? ஞாயித்துக்கெழம வரவேண்டாம்னு சொல்லிருங்க" என்றாள் அம்மா.

"சளிதான? அதுக்குள்ள போயிரும்."

"இது போகாதுங்க. எனக்குத் தெரியும்."

அம்மாவின் குரலில் இருந்த உறுதியைக் கேட்டு அப்பா யோசித்தார். பிறகு கொள்ளேகாலுக்குப் போன் போட்டு, இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னார். அந்த இன்னொரு நாள் வரவே இல்லை. அப்பா மனம் இறங்க இரண்டு மழைக்காலம் ஆனது. ஜெராக்ஸ் கடை அண்ணாவை நான் சித்தப்பா என்று கூப்பிடத் தொடங்கிப் பல வருடங்கள் ஓடிவிட்டன.

அன்று காலையில் இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? அம்மா பாடத்தைத் தப்பாகச் சொல்கிறாள் என்பது மட்டுமே தெரிந்தது. அப்பா போனைக் கையில் எடுப்பதற்குள், "இல்லப்பா, ஒரு வாரத்துல போயிரும்னு மிஸ் சொன்னாங்க" என்று முந்திக்கொண்டேன். தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழுந்தது. வலியோடு நிமிர்ந்து பார்த்தால், சமையலறை வாசலில் சித்தி துப்பட்டாவால் மூக்கைப் பொத்தியபடி, அழுகையும் சிரிப்புமாக நின்றுகொண்டிருந்தாள். சரியான பதிலுக்கு எதற்குக் கிள்ளு, சளி போகாது என்று சொன்னால் ஒருத்திக்கு எதற்கு இத்தனை சந்தோஷம் என்று எனக்கு விளங்கவே இல்லை.