போடிமெட்டில் ஒரு மாமன்னர்

போடிமெட்டு டீக்கடையில் ஜீப்புக்காகக் காத்திருக்கிறேன். எதிர் பெஞ்சில் ஒரு கொரியர். சென்னைப் பக்கம் கார் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர், விடுமுறைக்கு ஏலத்தோட்டம் பார்க்க வந்திருக்கிறார். கடைக்காரர் காதரின் மகள் பர்வீன் அவர்முன் டீயை வைத்துவிட்டு, மூச்சை இழுத்துப் பிடித்துக் கொரிய மொழியில் ஏதோ சொல்கிறாள். அதைக் கொரிய டிவித் தொடர்கள் பார்த்தே கற்றுக்கொண்டாளாம். சென்னைப் பக்கத்துக் கொரியத் தொழிற்சாலைகளில் மொழிபெயர்ப்பாளராகச் சேர ஆசை. நிஜக் கொரியர் ஒருவரிடம் இன்றுதான் பேசுகிறாள்.

அவர் பதறி எழுந்து நிற்கிறார்.

"என்னம்மா சொன்ன? எந்திரிச்சுட்டாரே!" என்று காதர் ஓடி வருகிறார்.

கொரியரே தமிழில் பதில் சொல்கிறார்: "அண்ணே, உங்க பொண்ணு என்னை மாமன்னரேன்னு கூப்பிடுது. எங்க ஊர்ல இப்ப ராஜாவே கிடையாது."

பர்வீன் பார்த்ததெல்லாம் அரண்மனைக் கதைகள். முகம் சுண்டிப்போய்க் கேட்கிறாள்: "அப்ப நான் படிச்சது பூரா வீணா சார்?"

"வீண் இல்லம்மா. எங்க மேனேஜர்கிட்ட நாங்களே கிட்டத்தட்ட இப்படித்தான் பேசுறோம்."

காதருக்கு முகம் மலர்கிறது.

"வேலை குடுக்கிறது அந்த மேனேஜருதான? அப்ப ஒரு வார்த்தையையும் மாத்திராதம்மா!"