டைனமோவில் அழுத பாடகி

இன்று சைக்கிள் கடையில் சூடான டயர் மணம் வந்ததும் பனிச்சங்கேணி வீட்டு முற்றம் நினைவில் எழுந்தது: மின்சாரமும் பெட்டரியும் இல்லாத யுத்தகாலம், கவிழ்த்துவைத்த சைக்கிளின் பெடலை நான் கையால் சுற்ற, டைனமோ உறுமி, கசெற்றில் அந்த இந்தியப் பாடகி பாடத் தொடங்குவாள், அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனபின் யாரோடும் பேசாத அம்மா கிட்ட வந்து குந்துவாள், என் கை களைக்கக் களைக்க நாடா மெதுவாகிக் குரல் இழுபட்டுத் தாழும்.

"இவவும் பிள்ளையத் துலைச்சவதான் மனெ. குரலக் கேளு" என்பாள், அப்போது மட்டும் வாய் திறந்து.

விருதுகள் வாங்கி ஓய்ந்துவிட்ட அந்தப் பாடகியின் அதே பாட்டை, வீடு திரும்பியதும் தொலைபேசியில் போட்டேன். துள்ளும் இளங்குரல்.

அம்மா தொலைபேசியைப் புரட்டிப் பார்த்தாள்.

"ஆரு மனெ இவள்? இது அவ இல்ல. உன்னை நல்லா ஏமாத்திப்போட்டானுகள்."

"ஓம் அம்மா, வேற ஆரோ" என்றேன், பெடல் சுற்றிய கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு.