வைரம் பூசிய செருப்பு

நீரிழிவு என்கிற சீனி வருத்தம் வந்தபின் என் பாதங்கள் எனக்குச் செய்தி சொல்வதை நிறுத்திவிட்டன. முள் குத்தினாலும் தெரியாது. வேலியோரம் நடந்து வந்து கால் கழுவும்போது இரத்தத்தைப் பார்த்துத்தான் எனக்கே தகவல் வரும். வலது பெருவிரலின் அடியில் அப்படி வந்த ஒரு புண் ஆறி மாறாமல் நின்றது. கிருமி உள்ளே இறங்கினால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று யாழ்ப்பாணத்துக் கிளினிக்கில் டொக்டர் சொன்னார். பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலத்தான் சொன்னார்.

மனைவியின் தம்பி ஜேர்மனியில், பூச்சுகள் செய்யும் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறான். வைரத்தைக் கண்ணுக்குத் தெரியாத பொடியாக்கி, அதன் உறவுக்காரனான கரியோடு சேர்த்துப் பொருள்களின் மேல் பூசுகிறார்களாம். லேசில் தேயாது, கிருமி ஒட்டிப் பெருகுவதும் குறைவு. சத்திரசிகிச்சைக் கருவிகளுக்கென்று தொடங்கிய வேலை செருப்பு வரை வந்திருந்தது. பரிசோதனைக்குச் செய்ததில் ஒரு சோடியை எனக்கு அனுப்பிவிட்டுத் தொலைபேசியில் விளக்கினான்.

"இது புண்ணை மாத்தாது அத்தான். புண்ணுக்குக் கிட்டக் கிருமியைச் சேர விடாது, அவ்வளவுதான். வெறுங்காலை மட்டும் நிலத்தில வைச்சிடாதேங்கோ."

அவன் சொன்னதில் என் காதில் நின்றது வைரம் மட்டும்தான். மனைவிக்கும் அப்படியே. செருப்பு நகைகள் இருக்கும் அலுமாரிக்குள் போனது. எங்கள் ஊரான மடத்துவெளியில் வீட்டுக்குள் செருப்புப் போடுகிற வழக்கம் இல்லை. வாசலில் விட்டால் நாய் தூக்கிவிடும். ஆகவே விசேஷங்களுக்குப் போடுவதென்று முடிவானது. எங்களுக்கு விசேஷம் என்றால் கலியாண வீடு, இல்லாவிட்டால் கோயில். இரண்டிலும் வாசலிலேயே கழற்ற வேண்டும் என்பது அப்போது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை.

விரலுக்காக நயினாதீவு அம்மனுக்கு ஒரு நேர்த்தி வைத்திருந்தோம். குறிகட்டுவானில் படகு ஏறும்வரை செருப்பு காலில்தான் இருந்தது. உப்புத் தண்ணீர் தெறித்ததும் கழற்றிப் பையில் வைத்தேன். அக்கரையில் இறங்கியும் போடவில்லை; எப்படியும் கோயிலில் கழற்றத்தானே வேண்டும்? வாசலில் விட்டுப்போக மனம் வரவில்லை, உள்ளே கொண்டுபோகவும் ஏலாது. மனைவி முதலில் கும்பிடப் போக, நான் வெளியே மணலில் வெறுங்காலோடு நின்று செருப்பைக் காவல் காத்தேன். மணல் கொதிக்கிறது என்பதை, பக்கத்தில் நின்றவர்கள் கால் மாற்றி மாற்றி வைப்பதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

கச்சான் கடலை விற்ற அக்கா ஒருத்தி கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னண்ணை, செருப்பைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்?"

"வைரம் பூசினது அக்கா."

"அப்ப சரி. அது வெயிலுக்குள்ள நிக்கக் கூடாதுதான்."

வீடு வந்து பார்த்தபோது பாதம் கொப்பளித்திருந்தது. இரண்டொரு நாளில் புண்ணைச் சுற்றி வீங்கியது. டொக்டர் மருந்தை மாற்றினார். அடுத்த கிளினிக்குக்குள் வற்றாவிட்டால் விரல் இல்லை என்றார்.

மச்சான் வீடியோவில் வந்து செருப்பின் அடியைக் காட்டச் சொன்னான். காட்டினேன். கடையில் இருக்கும் செருப்புக்கூட அவ்வளவு துப்புரவாக இருக்காது.

"கிருமியெல்லாம் அலுமாரிக்கு வரும் எண்டு பாத்துக்கொண்டிருந்தனீங்களோ?" என்று கேட்டான். பிறகு தன் அக்காவோடு பேச வேண்டும் என்றான். அவள் தொலைபேசியோடு குசினிக்குள் போய்விட்டதால் என்ன பேசினார்கள் என்று தெரியாது. வந்து, செருப்பின் அடியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்து, என் கட்டிலுக்குக் கீழே வைத்தாள்.

அன்று முதல் வீட்டுக்குள் செருப்போடு நடக்கிறேன். கள்ளன் நடப்பதுபோலத்தான் நடக்கிறேன். அடுத்த கிளினிக்கில் வீக்கம் வற்றியிருந்தது. விரலை எடுக்கும் பேச்சை டொக்டர் இப்போதைக்கு விட்டுவிட்டார். மருந்தோ, வைரமோ, காலை மூடியதோ என்று கேட்டதற்கு, மூன்றையும் விடாமல் செய்யச் சொன்னார். மச்சானும் பூச்சுக்குப் பெருமை கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாமியறை வாசலில் பழக்கத்தில் குனிந்து செருப்பைக் கழற்றப் போனேன். விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்த மனைவி திரும்பிப் பார்க்கவில்லை.

"கழட்டாதேங்கோ," என்றாள். "அம்மனுக்கு நான் சொல்லுறன்."