யாரும் போகாத இடத்து மண்

1. வெள்ளைப் பூச்சி

“அக்கா, கொஞ்சம் வந்து பாருங்களேன். எனக்கு என்னமோ சரியாப் படல.”

மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே நிவேதிதா கூப்பிட்டாள். கோயம்புத்தூர்ப் பெண். ஹனோவரில் நான் வேலை செய்த மண் விலங்கியல் ஆய்வுகூடத்துக்கு முனைவர் பட்ட ஆய்வுக்காக வந்திருந்தாள். நான் அங்கே தொழில்நுட்ப உதவியாளர். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, ஜேர்மன் படித்து, அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியை முடித்துச் சேர்ந்த வேலை. ஓய்வுபெறும்வரை அதே மேசைதான்.

எங்களுக்கு மண் வந்தது வட துருவத்துக்கு அருகே உள்ள ஒரு தீவிலிருந்து. துந்திரா நிலம். மரம் கிடையாது. பாசியும், கணுக்கால் உயரத்துக்கு மேல் வளராத செடிகளும்தான். அந்தப் பாசிக்கு அடியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு கூட்டம் வாழ்கிறது. வாலை அடித்துத் துள்ளும் ஸ்பிரிங்டெயில்கள், உண்ணி இனத்துச் சிறு பூச்சிகள். செத்த இலையை அரித்து மண்ணாக்குவது இவைதான்.

அவற்றை மண்ணிலிருந்து பிரிப்பது என் வேலை. ஒரு பிடி மண்ணைச் சல்லடையில் வைத்து, கீழே புனல், மேலே பல்ப். மேல்மண் சூடேறிக் காயக் காயப் பூச்சிகள் ஈரம் தேடிக் கீழே இறங்கும். கடைசியில் புனல் வழியாக அல்ககோல் குப்பிக்குள் விழும். அதன்பிறகு இனம் பார்த்துப் பிரிப்பது நிவேதிதாவின் வேலை.

அவள் மூன்று இடத்து மண்ணை ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒன்று, கைவிடப்பட்ட சுரங்கக் குடியிருப்பு. அங்கே ஒரு காலத்தில் காய்கறி வளர்க்கக் கண்ணாடிக்கூடம் கட்டிக் கப்பலில் மண் கொண்டுவந்தார்கள். பிறகு அந்த மண்ணை வெளியே கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டாவது, லொறி போன தடம். பாசி நசுங்கி, மண்ணின் துளைகள் அடைபட்டு, அந்தக் குப்பிகள் அநேகமாக வெறுமையாகவே இருந்தன. மூன்றாவது, மலைமுதுகுக்கு அப்பால் ஒரு பள்ளத்தாக்கு. மனிதர் போகாத இடம். மற்ற இரண்டையும் அதோடு வைத்துத்தான் அளக்க வேண்டும். அவளுடைய ஆய்வு முழுவதும் அந்த மூன்றாவது இடத்தில்தான் நின்றது.

நான் குனிந்து பார்த்தேன். ஒரு ஸ்பிரிங்டெயில். வெள்ளை நிறம், கண் இல்லை, மெலிந்த உடல். தோட்டத்து எரு மண்ணில் வாழ்கிற இனம். குடியிருப்பு மண்ணில் அதை நிறையப் பார்த்திருக்கிறோம்.

“இது எந்த இடத்து மண்?” என்று கேட்டேன்.

“மூணாவது இடம், அக்கா.”

2. ஆளுக்கொரு வேண்டுதல்

ஆய்வுகூடத்து யன்னலோரம் பூச்சட்டிகள் இருந்தன. பூச்சட்டி மண்ணிலும் இந்த வகைப் பூச்சி வரும். இருவரும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தோம்.

“இங்கேர்ந்து விழுந்திருந்தா நல்லாருக்கும்” என்றாள் நிவேதிதா. “அந்த இடம் சுத்தம்னு ஆயிடும். இல்லேன்னா ஒப்பிட வச்சிருந்த கன்ட்ரோல் பிளாட்டே போச்சு, தீசிஸும் போச்சு. அடுத்த வருஷம் கான்ட்ராக்ட் முடியுது, அக்கா.”

குரல் உடைந்துவிட்டது. நான் கதிரையை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அழாதையும் பிள்ளை. முதல்ல எங்கட ஆய்வுகூடத்தைச் சந்தேகிப்பம். பிறகு மற்றதைப் பாப்பம்.”

சொன்னேனே தவிர, என் மனம் வேறு மாதிரி வேண்டிக்கொண்டது. பிழை என் புனல்களில் இருக்கக்கூடாது. அவளுக்கு எது நல்லதோ அது எனக்கு அவமானம். எனக்கு எது நிம்மதியோ அது அவளுக்கு இடி. அது இருவருக்கும் தெரிந்திருந்தது. அந்த நாட்களில் நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

அடுப்பில் சுட்டு உயிரெல்லாம் போன மணலை எல்லாப் புனல்களிலும் வைத்து பல்பைப் போட்டேன். ஒரு பூச்சியும் விழவில்லை. அப்போதும் அவள் ஒப்பவில்லை. குளிர் அறையில் அதே மண்ணின் மறுபாதி, மண் எடுத்த இடத்திலேயே கட்டிய பையில் பிரிக்காமல் இருந்தது. துந்திராப் பூச்சிகள் குளிரில் நெடுங்காலம் உயிரோடு கிடக்கும். அந்தப் பையை எதிர்க் கட்டடத்துக்கு எடுத்துப்போய், வேறு ஒரு குழுவின் புனல்களை இரவல் வாங்கி வைத்தோம்.

குப்பியை அவளே எடுத்துப் பார்த்தாள். “இருக்கு” என்றாள். எனக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. அவள் முகத்தைப் பார்த்தபோது அதை வெளியே காட்ட மனம் வரவில்லை.

3. உர்சுலா

எங்கள் தலைவி உர்சுலாவிடம் இருவரும் போனோம். அந்தப் பள்ளத்தாக்கைத் தெரிவு செய்தவரே அவர்தான். இளம் வயதிலிருந்து கோடை தவறாமல் போய் வந்தவர். அவர் பேசியது ஜேர்மன். இங்கே என் தமிழில் தருகிறேன்.

கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“நாங்கள்தான் கொண்டுபோயிருக்கிறம் போல.”

நிவேதிதா திடுக்கிட்டாள். “பறவைகள் கொண்டுவந்திருக்கலாமே?”

“இருக்கலாம். ஆனா அந்தக் காலத்தில நாங்கள் காலமை குடியிருப்பில மண் எடுப்பம். பின்னேரம் அதே சப்பாத்தோட, அதே மண்வெட்டியோட பள்ளத்தாக்குக்கு நடப்பம். சேற்றைக் கல்லில தேய்ச்சா போதும் எண்டு நினைச்சம். கழுவ வேணும் எண்டு ஒருத்தருக்கும் தோன்றேல்லை.”

நிவேதிதா எழுந்து போனாள். பள்ளத்தாக்கின் குப்பிகளையெல்லாம் தட்டில் கொண்டுவந்து, மண் எடுத்த இடத்தின்படி மேசையில் அடுக்கினாள். ஆய்வாளர்கள் நடக்கும் ஒற்றையடிப் பாதை ஒரு பக்கம், ஓடை மறுபக்கம். பாதையை ஒட்டிய குப்பிகளில் வெள்ளைப் பூச்சி இருந்தது. ஓடையை நெருங்க நெருங்கக் குறைந்தது. ஓடைக்கு அப்பால் ஒன்றுகூட இல்லை.

“பறவை பாதை பாத்து இறங்காது” என்றார் உர்சுலா.

அன்று அவர் நேரத்தோடு வீட்டுக்குப் போய்விட்டார். மனிதர் தொடாத இடம் என்று அந்தப் பள்ளத்தாக்கை எத்தனையோ கட்டுரைகளில் எழுதியவர். ‘எப்படி வந்தது என்று தெரியவில்லை’ என்று ஒரு வரி எழுதினால் எவரும் கேள்வி கேட்கப்போவதில்லை. அப்படித்தான் எழுதச் சொல்லப்போகிறார் என்று நிவேதிதா பயந்தாள். உண்மையில் நானும்தான்.

மறுநாள் காலை, மேலங்கியைக்கூடக் கழற்றாமல் எங்கள் மேசைக்கு வந்தார்.

“எழுதுங்கோ. நிச்சயம் எண்டு சொல்லேலாது, ஆனா எங்கட சப்பாத்தாலதான் எண்டு நம்ப இவ்வளவு காரணம் இருக்கு எண்டு எழுதுங்கோ. என்ர பழைய கட்டுரைகளையும் பேரோட சேருங்கோ. அதுகளும் திருத்தப்படத்தானே வேணும்.”

நிவேதிதாவின் ஒப்பந்தத்தை நீட்டிக்க அவரே அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், எழுதினார். முதல் முறை மறுத்துவிட்டார்கள். இரண்டாம் முறை கிடைத்தது. ஆய்வின் கேள்வியும் மாறியது. குடியிருப்பு அங்குள்ள மண்ணை என்ன செய்தது என்பது போய், குடியிருப்பிலிருந்து எவ்வளவு தூரம் நாம் எதையெல்லாம் சுமந்து போகிறோம் என்றானது. அடுத்த கோடையில் அவள் புதுச் சப்பாத்தோடு போனாள். ஒவ்வோர் இடத்துக்கும் மண் எடுக்கத் தனித் துளைகருவி கொடுத்து அனுப்பினேன்.

ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு நாளில் பின்வரிசையில் நானும் இருந்தேன். ஒரு தேர்வாளர் கேட்டார்: “அப்படியானால் மனிதர் தொடாத இடமே அங்கே இல்லையா?”

நிவேதிதா பதில் சொன்னாள்:

“இருக்கலாம். ஆனால் அதைச் சோதிக்க நாங்கள் அங்கே போகவேண்டியிருக்கும்.”

மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். உர்சுலா சிரிக்கவில்லை.

புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். மண்ணில் என்ன இருக்கிறது என்று பார்க்குமுன், அதை எடுக்கப் போனவர் எங்கேயிருந்து, எந்த வழியாக, எதைப் போட்டுக்கொண்டு நடந்தார் என்று கேளுங்கள். போனவர் நீங்களாக இருந்தாலும் கேளுங்கள்.