கரட்டு மேல் கற்குவியல்

தாராபுரத்துக்கு மேற்கே கரடு என்கிற சிறு பாறைக் குன்றின் மேல், பலகைக் கற்களை நிறுத்தி ஒரு பெருங்கல்லால் மூடிய பழங்காலத்துப் புதைகுழிகள் பாதி சரிந்து கிடக்கின்றன. ஊரார் அவற்றைக் குள்ளர் வீடு என்பார்கள். ரங்கநாயகி வாக்கப்பட்டு வந்ததிலிருந்து அங்கேதான் ஆடு மேய்த்தாள். புருஷன் அரங்கசாமி போய்ச் சேர்ந்த பிறகும் மேய்ச்சலை மாற்றவில்லை.

போன தை மாதம் கோவையிலிருந்து தொல்லியல் ஆய்வாளர்கள் வந்தார்கள். குழிகளை அளந்து, படமெடுத்து, கல்லில் சுண்ணாம்பால் எண் போட்டார்கள். அவர்களில் போத்தனூர்ப் பெண் ஹுமேரா, மத்தியானமானால் ரங்கநாயகியோடு வேல மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவாள்.

ஒருநாள் கிழக்கோரத்தில் இருந்த சிறு கற்குவியலுக்கும் எண் விழுந்தது.

"இது ஒண்ணுதானுங்கம்மா கலையாம இருக்குது. தோண்ட அனுமதி வந்தா மொதல்ல இதைத்தான் தெறப்போம்" என்றாள் ஹுமேரா சந்தோஷமாக.

ரங்கநாயகி கையில் எடுத்த சோற்றைத் தூக்குப்போசிக்குள்ளேயே திரும்பப் போட்டாள்.

"அதயத் தொட்டுப்போடாதீங்க அம்மணி. அங்க எம் பையன் இருக்கறானுங்க."

ஹுமேராவுக்கு விளங்கவில்லை. ரங்கநாயகி அந்தப் பக்கம் பார்க்காமலே சொன்னாள்.

"அப்ப அவன் கைக்கொழந்தை. காய்ச்சல்ல மடியிலயே போயிட்டான். எங்கூட்டுக்காரர் இங்க கொண்டாந்து பொதைச்சாரு. நரி கிளறிப்போடுமுன்னு இடிஞ்சு கெடந்த கல்லை எடுத்து அடுக்கி வெச்சாரு. அதுக்கப்பறம் எங்களுக்குக் கொழந்தையே இல்லீங்க."

"பேரு என்னங்கம்மா?"

"வெக்கறதுக்குள்ள போயிட்டானுங்க."

ஹுமேரா எழுந்து போய், துப்பட்டாவை நனைத்துக் கல்லிலிருந்த எண்ணைத் துடைத்தாள். சேதி கேட்ட குழுத் தலைவர் கிருபாசங்கர் அந்தக் குவியல் பக்கம் போனார். பார்த்துவிட்டு, "இதை விட்டுடலாம்" என்று மட்டும் சொன்னார்.

யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டதில் ரங்கநாயகிக்கு மனசு லேசாகியிருக்கும் என்று ஹுமேரா நினைத்தாள். மறுநாள் ரங்கநாயகி கரட்டுக்கு வரவேயில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

மழைக்காலம் முடிந்ததும் கரட்டைச் சுற்றித் தொல்லியல் துறையின் கம்பிவேலி வந்தது, ஒரு காவலாளியும் வந்தார். கல் உடைக்கிறவர்கள் இனி கிட்டே வர முடியாது என்று ஊரில் எல்லாருக்கும் திருப்திதான். காவலாளி நல்ல மனுஷன். "ஆடு மட்டும் வேண்டாமுங்க. நீங்க எப்ப வேண்ணாலும் போய்ட்டு வாங்க" என்று ரங்கநாயகிக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

ரங்கநாயகி ஒரு தடவை போனாள். குவியல் அப்படியே இருந்தது. முன்பெல்லாம் ஆடு மேய்கிற சாக்கில் பொழுதுக்கும் பக்கத்தில் கிடப்பாள். அவள் எதற்கு அங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று யாரும் கேட்டதில்லை. இப்போது காவலாளி தூரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். அவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. ஆடுகள் இல்லாமல் வெறுங்கையோடு அவளுக்கு அங்கே உட்காரவே முடியவில்லை. முந்தானையை உதறிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

ஹுமேரா அவ்வப்போது போன் செய்வாள். "நான் வாரேனுங்கம்மா, சேர்ந்து மேல போலாம்" என்பாள்.

"ஆகட்டுங்க அம்மணி" என்பாள் ரங்கநாயகி. இப்போது அவள் ஆடுகள் வாய்க்கால் கரையில் மேய்கின்றன. அங்கே புல் நிறைய இருக்கிறது.