ஒரு செங்கல் அளவு வழி

சிமெண்ட்டைக் கண்டாலே எனக்கு ஆகாது. கீழே கடையும் மேலே குடித்தனமுமான பழைய கடைவீடுகளின் சுவர்களைப் பழுதுபார்க்கும் சின்னக் கம்பெனியில் மேற்பார்வை வேலை பார்க்கிறேன், அதனால் வந்த வியாதி. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர் ஈரத்தை வாங்கும், வெயில் வந்தால் விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் போக வழியில்லாமல் கல்லையே தின்றுவிடும். இதை வீட்டுக்காரர்களிடம் சொல்லிச் சொல்லித் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

போன வருடம் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டு மாடியைச் சரிசெய்யக் கூப்பிட்டார்கள். முகவரியை இரண்டு தடவை படித்தேன். நான் பிறந்து வளர்ந்த மாடி அது. ஈசூனில் அரசாங்க வீவக அடுக்குமாடி வீடு கிடைத்துப் போகும்வரை அங்கேதான் வாடகைக்கு இருந்தோம்.

எங்கள் அடுப்படிச் சுவர் பக்கத்து வீட்டுக்கும் பொதுச் சுவர். அதில் ஒரு செங்கல் இருக்காது. எப்போது, யார் எடுத்தார்களோ தெரியாது. அந்தப் பக்கம் நாகூர்க் குடும்பம். அந்த வீட்டு மாமியும் என் அம்மாவும் அந்த ஓட்டை வழியாகத்தான் பாதிக் குடித்தனம் நடத்தினார்கள். தட்டு நுழையாது, டம்ளர் நுழையும். அதனால் கறிவேப்பிலை போகும், நோன்புக் கஞ்சி வரும், தீபாவளி முறுக்கு ஒவ்வொன்றாகப் போகும். படியிறங்கி ஏறினால் நாலு எட்டுதான். இரண்டு பேரும் இறங்கமாட்டார்கள்.

தினமும் மாமியின் குரலில்தான் எங்கள் சமையல் தொடங்கும். "என்ன புள்ள, உலை வச்சாச்சா?" என்பார். "இதோ கொதிக்குதுக்கா" என்பார் அம்மா, உலையே வைக்காவிட்டாலும்.

நோன்பு மாதத்தில் மட்டும் அம்மா மாலையில் தாளிக்கமாட்டார். வாசம் அந்தப் பக்கம் போய்விடுமாம். "நீ தாளி புள்ள, எனக்கு ஒண்ணும் செய்யாது" என்று மாமி கத்துவார். அம்மா காதில் வாங்கியதே இல்லை. பள்ளிவாசலில் பாங்கு சொன்ன பிறகுதான் எங்கள் வீட்டில் கடுகு வெடிக்கும். அதுவரை அப்பா சட்டியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

காலி செய்யும்போது ஓட்டையை அடைத்துத் தரச் சொன்னார் வீட்டுக்காரர். அப்பா சிமெண்ட் வாங்கிவந்து, ஒரு கல் வைத்து, சுற்றிலும் அப்பு அப்பென்று அப்பினார். "இனி ஜென்மத்துக்கும் அசையாது" என்று கையைத் தட்டிக்கொண்டார். இப்போது பூச்சை உரித்துப் பார்த்தால் அவர் அடைத்தது மட்டும் இரும்பாக நின்றது, அதைச் சுற்றியிருந்த கல்லெல்லாம் விரல் பட்டதும் மாவாக உதிர்ந்தது. சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. திட்டலாம் என்றால் அப்பா இல்லை. சேர்ந்து சிரிக்க அம்மாவும் இல்லை.

உதிர்ந்ததையும் அப்பா அடைத்ததையும் எடுத்துவிட்டுச் சுண்ணாம்புச் சாந்தில் புதுக் கல் வைத்துக் கட்டிவந்தோம். ஓட்டை இருந்த இடத்துக் கல்லை மட்டும் நான் வைக்க விடவில்லை. கடைசியில் அடைத்துத்தான் ஆகவேண்டும்; பொதுச் சுவரில் ஓட்டை விட முடியாது, ஒரு பக்கம் தீப்பிடித்தால் மறுபக்கம் தாவிவிடும். சனிக்கிழமை பூச்சு வேலை. அதற்குள் மாமி ஒரே ஒரு தடவை அந்தப் பக்கம் வந்து நின்று கூப்பிட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அம்மா போனபிறகு எந்த அடுப்படியிலும் அப்படி ஒரு குரல் கேட்கவில்லை. அதைக் கேட்காமல் அடைத்தால் என் மனசு ஆறாது.

மாமி இப்போது ஊரின் வடகோடியில், மார்சிலிங்கில் மகளோடு இருக்கிறார். போன் செய்து, ஒரு தடவை வந்து கூப்பிடச் சொன்னேன்.

"அங்க யாரும்மா இருக்கா, நான் வந்து பேச? முட்டி வேற வலிக்குது."

"நான் இருக்கேன்ல மாமி. டாக்சி அனுப்புறேன் லா."

"நோன்பு நேரம். பாப்போம்."

மாமி பார்ப்போம் என்றால் வரமாட்டார் என்று அர்த்தம். ஆனாலும் டாக்சிக்குச் சொன்னேன். பக்கத்துக் கடைக்காரரிடம் மாமி இருந்த மாடியின் கதவைத் திறந்து வைக்கச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம்வரை ஆளைக் காணோம். காய்ந்த செங்கல் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதால், கல்லை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுத்தான் வைப்போம். "கல்லு நல்லா ஊறிடுச்சு அக்கா, வச்சிடலாமா?" என்று இரண்டாவது முறையாகக் கேட்டார் கொத்தனார். இனி சாக்குச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. நானே வைக்கிறேன் என்று கல்லைக் கையில் எடுத்தேன்.

அப்போது அந்தப் பக்கம் மரப்படி முனகியது. ஒவ்வொரு படிக்கும் ஒரு "யா அல்லா". பிறகு மூச்சு வாங்கும் சத்தம், சுவருக்கு வெகு அருகில்.

"என்ன புள்ள, உலை வச்சாச்சா?"

'மாமி, நான்தான்' என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். எனக்கு அம்மாவின் குரல் என்று எல்லாரும் சொல்வார்கள்.

"இதோ கொதிக்குதுக்கா" என்றேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பாங்குக்கு இன்னும் நேரம் இருந்தது.

"தாளிச்சுக்க புள்ள," என்றார் மாமி. "நான் இப்ப மார்சிலிங்ல இருக்கேன். அவ்வளவு தூரத்துக்கு வாசம் வராது."

கையிலிருந்த கல்லை மறுபடி வாளித் தண்ணீரில் போட்டேன்.